பன்னிரண்டாமவனுக்கும் அப்பால்

கல்லூரி மலர் எதனைப் புரட்டினாலும் அதன் நடுப்பக்கங்களிற் கிறிக்கெற் அணியின் நிழற்படம் ஒன்று இருக்கக் காண்போம். அமர்ந்திருப்போர், நிற்போர் என இரு வரிசைகள், இடமிருந்து வலமாகப் பெயர்கள், நடுவில் அதிபர், அவருக்கு ஒருபுறம் பொறுப்பாசிரியர், மறுபுறம் அணித் தலைவன். பதினொருவர் பெயரும் அங்கே இருக்கும். ஆடாது அமர்ந்திருந்த பன்னிரண்டாமவன் பெயரும் இருக்கும். ஆனால், அன்று விடியற்காலையில் மைதானத்துக்கு வந்து படங்கை அகற்றி ஆடுகளத்தைத் துடைத்தவர் பெயர் இராது. நாள் முழுவதும் மேசையை விட்டெழாது புள்ளி ஏட்டை நிரப்பியவர் பெயர் இராது. தேநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கோட்டைச் சுற்றி வந்தவர் பெயரும் இராது.

இதனைக் குறையென்று கூற நான் வரவில்லை. நிழற்படத்தின் சட்டம் சிறிது. அதனுள் எல்லாரையும் அடக்குதல் இயலாது. ஆயினும், கல்லூரி அன்னைக்கு நாம் விழா எடுக்கும் இவ்வேளையில், சட்டத்துக்கு வெளியே நின்றோரையும் ஒரு கணம் நினைத்தல் தகும். அவ்வாறு வெளியே ஒரு பருவகாலம் முழுவதும் நின்றவன் என்ற உரிமை பற்றியே இதனை எழுதுகின்றேன்.

2001ஆம் ஆண்டு அது. உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறும் வந்து, தொழில் மட்டும் வாராதிருந்த காலம். கல்லூரியில் நான் கிறிக்கெற்றை நேசித்தவன். ஆனால் அணியில் ஒருநாளும் இடம் பெற்றவனல்லன். கண்டி நகரை அடுத்திருந்த சிறு கழகமொன்று உதவியாளன் ஒருவனைத் தேடுவதாக அறிந்து சென்றேன். கழகத்தின் பெயர் இங்கு வேண்டா. முதற்றரக் கழகங்களுக்கும் அவற்றின் கீழுள்ளனவற்றுக்கும் கீழே, மூன்றாம் பிரிவில் ஆடிய கழகம் என்றால் வாசகர் விளங்கிக்கொள்வர். ஊதியம் இல்லை, பஸ் கட்டணமும் மதிய உணவும் உண்டு. “இருந்து பழகும்; அலுவலகத்தில் எழுதுநர் இடமொன்று வெறுமையாகப் போகிறது, பார்ப்போம்” என்று கழகத்தின் அலுவலர் ஒருவர் கூறினார். அந்தப் “பார்ப்போம்” என்னும் ஒரு சொல்லை முதலாகக் கொண்டு நான் வேலை தொடங்கினேன்.

போட்டி நாட்களில் விடியுமுன் பன்விலவிலிருந்து புறப்படும் பஸ்ஸில் ஏறி, வத்தேகம வழியாக இறங்குவேன். எனக்கென ஒரு வேலை என்பதில்லை. பிறர் எவருக்கும் உரியதல்லாத வேலைகள் எல்லாம் எனக்குரியன. எல்லைக் கோட்டுக்குச் சுண்ணாம்பு இடுதல், கொடிகளை நடுதல், விக்கெற் தடிகளைக் கணக்குப் பார்த்தல், நடுவர்களுக்கு நாற்காலி போடுதல், தண்ணீர் சுமத்தல், எதிரணியினரின் பஸ் வந்தால் வரவேற்றல், காயமுற்றவனைத் தாங்கிச் செல்லுதல், புள்ளிப் பலகையில் இலக்கத் தகடுகளை மாற்றுதல், மாலையில் அவற்றை எண்ணிப் பெட்டியில் வைத்தல் ஆகியன அவற்றுட் சில. அவ்வாண்டு மார்ச் மாதம் அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்து அணி இலங்கையுடன் ரெஸ்ற் ஆடி 3 விக்கெற்றுகளால் வென்றது. ஊரே அங்கே திரண்டது. அந்நாட்களில் ஒன்றில் எமது மைதானத்திலும் ஒரு போட்டி நடந்தது. பார்வையாளரை எண்ணினேன்: ஏழு பேர், அவருள் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

அக்கழகத்தில் எனக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஒரு மைதானப் பணியாளர். வயது அறுபதைக் கடந்தவர். தோட்டமொன்றிற் பிறந்து, மண்வெட்டியோடு நகருக்கு வந்தவர். எழுத்து வாசனை குறைவு. ஆனால் மண்ணையும் புல்லையும் மேகத்தையும் அவர் வாசித்தவாறு வாசித்தவர்களை நான் பின்னர் கண்டதில்லை. ஹந்தானை மலையுச்சியில் மேகம் எவ்வளவு தாழ்ந்து நிற்கின்றது என்பதைக் கொண்டு, மழைக்கு இன்னும் எத்தனை ஓவர்கள் என்று சொல்லுவார். பெரும்பாலும் பிழைபடாது.

ஒருநாள் அவர் நில அளவையாளர் பயன்படுத்தும் பழைய இரும்புச் சங்கிலி ஒன்றைக் கொணர்ந்து ஆடுகளத்தின் நடுவே விரித்து, மறுமுனையைப் பிடிக்குமாறு என்னிடம் கூறினார். ஆடுகளத்தின் நீளம் 22 கஜம். அளவையாளர் சங்கிலி ஒன்றின் நீளமும் 22 கஜமே. பாடசாலையில் நான் மனனஞ் செய்த வாய்பாட்டுக்கும் எங்கள் தோட்டங்களை அளந்து துண்டுபோட்ட சங்கிலிக்கும் கிறிக்கெற் ஆடுகளத்துக்கும் உள்ள உறவை அன்றுதான் கண்டேன். “அளந்ததைத் திருப்பி அளக்கணும் தம்பி” என்றார் அவர். அது வீண் எச்சரிக்கையன்று. 1948ஆம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில் டொன் பிறட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடியது. இன்று பாக்கியசோதி சரவணமுத்து மைதானம் என வழங்கும், தமிழ் யூனியன் கழகத்துக்குரிய மைதானத்தில் நடந்த ஆட்டம் அது. பிறட்மன் 20 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். ஆடுகளத்திற் குறையுண்டு என ஐயுற்று அளந்து பார்த்தபோது அது 22 கஜத்துக்குப் பதில் 20 கஜமாக இருந்தது. உலகின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரர் வந்து நின்றபோதும், சங்கிலி பிடிக்கும் கையே ஆட்டத்தின் முதற் கை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மழைக்காலத்தில்தான் எங்கள் பணியின் முழு உருவமும் தெரியும். படங்கு என்பது பார்வைக்கு எளிது. நனைந்த பின் அதன் பாரம் வேறு. காற்று அதன் அடியிற் புகுந்தால் நால்வரையும் தூக்கி எறியும். ஆதலால் காற்று வரும் திசையில் ஓரத்தை முதலில் அழுத்தி, பின்னர் மற்ற முனைகளைப் பற்றி நிறுத்தாமல் ஓட வேண்டும். அகற்றும்போது மேலே தேங்கிய நீர் ஆடுகளத்தின் மீது சிந்தாதவாறு ஒருபக்கமாகச் சரித்து எல்லைக் கோட்டை நோக்கி இழுக்க வேண்டும். வீரர்கள் மழை வந்ததும் கூரைக்குள் ஓடுவார்கள். நாங்கள் அவர்களுக்கு எதிர்த்திசையில் ஓடுவோம். அப்பெரியவர் ஒருமுறை மூச்சு வாங்கியபடி சிரித்துச் சொன்னார்: “மழை பெஞ்சாத்தான் தம்பி நம்ம ஆட்டம்.”

அவர் கூறியதன் பொருளை நாடு முழுவதும் ஒருமுறை கண்டது. 2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் ஆசியக் கிண்ணப் போட்டிகள் இலங்கையில் நடந்தன. எங்கள் பன்விலவிலிருந்து மலையிறங்கினால் அணித்தாயுள்ள பல்லேகல மைதானத்தில், 2ஆம் நாள் இந்தியா பாக்கிஸ்தானை எதிர்த்து 266 ஓட்டங்கள் பெற்றபின் மழை பிடித்துக்கொண்டது; பாக்கிஸ்தான் துடுப்பெடுத்தாடாமலே ஆட்டம் கைவிடப்பட்டது. 4ஆம் நாள் நேபாளத்துடன் நடந்த ஆட்டத்திலும் மழை குறுக்கிட, இந்தியாவின் இலக்கு 23 ஓவர்களில் 145 ஓட்டங்கள் எனக் குறுக்கப்பட்டது. அந்நாட்களிற் படங்கை விரிப்பதும் சுருட்டுவதுமாக ஓடிய மைதானப் பணியாளரைத் தொலைக்காட்சியில் உலகம் பார்த்தது. 17ஆம் நாள் கொழும்பில் நடந்த இறுதிப் போட்டியில் இந்தியாவின் மொஹமட் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெற்றுகளை வீழ்த்த, இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அன்றைய ஆட்டநாயகனுக்குரிய 5,000 டொலர் பரிசை அவர் மைதானப் பணியாளருக்கே அளித்தார். ஆசியக் கிறிக்கெற் சபையும் இலங்கைக் கிறிக்கெற் நிறுவனமும் கொழும்பு, கண்டி மைதானப் பணியாளருக்கென 50,000 டொலரை அறிவித்தன. நம்மவர் தோற்ற வேதனையிலும் அச்செய்தி என்னை மகிழ்வித்தது. ஆயினும் ஓர் எண்ணம் உறுத்தியது. ஒரு வெற்றி வீரனின் பெருந்தன்மை கிடைத்த நாளில் மட்டும் கண்ணுக்குத் தெரிகின்ற உழைப்பு, ஏனைய நாட்களில் எங்கே இருந்தது?

நிற்க. அக்கழகத்தில் நான் பெற்ற இரண்டாவது கல்வி புள்ளி ஏடு. பருவத்தின் நடுவே புள்ளிப் பதிவாளர் வேறிடம் சென்றுவிட, அம்மேசை என்னிடம் வந்தது. கிறிக்கெற் விதிகளில் மூன்றாவது விதி முழுவதும் புள்ளிப் பதிவாளரைப் பற்றியதே என்பதைப் பலர் அறியார். ஒரு போட்டிக்கு இருவர் நியமிக்கப்பட வேண்டும். நடுவர் காட்டும் சைகை ஒவ்வொன்றையும் கண்டுகொண்டோம் என அவர்கள் உடனே அறிவிக்க வேண்டும். அவ்வறிவிப்பு வரும்வரை நடுவர் ஆட்டத்தைத் தொடர விடார். ஆகவே, எல்லைக்கு வெளியே ஒரு மரநிழலில் அமர்ந்திருப்பவன் கையுயர்த்தினால் அன்றி அடுத்த பந்து வீசப்படாது. இந்த உண்மை இருபது வயது இளைஞனுக்கு எத்துணைப் பெருமிதம் தந்திருக்கும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

ஓட்டமில்லாப் பந்துக்கு ஒரு புள்ளி; அகலப் பந்துக்குக் கூட்டற் குறி; முறையற்ற பந்துக்கு வட்டம்; உதிரி ஓட்டத்துக்கு முக்கோணம்; காலிற் பட்டுச் சென்ற உதிரிக்குத் தலைகீழ் முக்கோணம். ஓவரின் ஆறு பந்துகளும் ஓட்டமின்றிக் கழிந்தால் ஆறு புள்ளிகளையும் இணைத்து ஆங்கில ‘எம்’ எழுத்தாக்குவர். நாளின் இறுதியிலே துடுப்பாட்டக்காரர் பெற்றவற்றையும் உதிரிகளையும் கூட்டிய தொகை ஒருபுறம். பந்து வீச்சாளர் கொடுத்தவற்றுடன் அவர் கணக்கிற் சேராத உதிரிகளைக் கூட்டிய தொகை மறுபுறம். இரண்டும் ஒன்றாக வேண்டும். ஓர் ஓட்டம் வேறுபட்டாலும் முதல் ஓவரிலிருந்து தேட வேண்டும். மாலை மங்கிய பின்பும் விளக்கின் கீழ் நானும் எதிரணிப் பதிவாளரும் தலைசாய்த்து ஒரேயோர் ஓட்டத்தைத் தேடிய நாட்கள் பல. இருவரும் வெவ்வேறு மொழி பேசுபவர். ஆயினும் ஏட்டின் குறிகள் இருவருக்கும் பொது.

இவ்வேடு எனக்கு முன்பே பழக்கமானதொன்று போலத் தோன்றியதன் காரணத்தைப் பின்னரே உணர்ந்தேன். தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு விடியலிலும் பிரட்டுக் களத்தில் ஆளெடுப்பார்கள். கணக்கப்பிள்ளை பெயரை எழுதுவார். மாலையில் கொழுந்து நிறுத்தபின் செக்ரோல் எனப்படும் பேரேட்டில் அது ஏறும். நிறை போதுமானால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். எங்கள் மலையகத்தில் “பேர்” என்னும் சொல் நாட்கூலியையே குறிக்கும். பேர் விழுந்தால் அடுப்பெரியும், விழாவிடின் இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் எங்கள் மக்களிற் பெரும்பாலோர் நாட்டின் பேரேட்டிலிருந்தே நீக்கப்பட்டனர். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் முழுமையாக வந்தது. ஆகவே ஏட்டிற் பெயர் விழுதல் என்பது எங்களுக்கு வெறும் புகழன்று. உணவும் உரிமையும் அது.

அந்நோக்கில் எண்ணிப் பார்த்தால் கிறிக்கெற்றின் புள்ளி ஏடு மிக நேர்மையான ஏடு. எங்கள் கண்டி மண்ணின் மைந்தர் முத்தையா முரளிதரன், 2007ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள் அஸ்கிரியவில் இங்கிலாந்தின் கொலிங்வூட்டை வீழ்த்தித் தமது 709ஆவது விக்கெற்றைப் பெற்று, ஷேன் வோர்னின் 708ஐக் கடந்தார். 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் காலியில் 800ஆவதைப் பெற்று ரெஸ்ற் ஆட்டத்திலிருந்து ஓய்ந்தார். அந்த எண்ணூறில் ஒன்றையேனும் எவரும் மறைக்கவோ குறைக்கவோ இயலாது. அரைப் பேர் என்று போடவும் இயலாது. எங்கோ ஒரு மேசையில் ஒருவர் ஒவ்வொன்றாக அதனை எழுதி வைத்துள்ளார். எழுதியவர் பெயரை மட்டும் நாம் அறியோம்.

பருவம் முடிந்தது. கழகத்தின் ஆண்டிறுதி விருந்தில் ஒவ்வொரு வீரர் பெயரும் வாசிக்கப்பட்டது, கைதட்டல் எழுந்தது. நான் அவ்வேளை சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். எழுதுநர் இடம் வேறொருவருக்குச் சென்றது என்பதை மறுவாரம் அறிந்தேன். அலுவலர் என் தோளிற் தட்டி, “உமக்கு நல்ல அனுபவம் கிடைத்தது அல்லவா?” என்றார். கிடைத்தது உண்மையே. பிற்காலத்தில் ஆசிரியனாகப் பயிற்றப்பட்டு, வருகை இடாப்பையும் புள்ளிப் பட்டியலையும் பிழையின்றி எழுதும் பழக்கம் அம்மேசையிலிருந்தே எனக்கு வந்தது. ஆனால் அவ்வனுபவத்தை எனக்குத் தந்தவர் அவ்வலுவலர் அல்லர். சங்கிலி பிடிக்கக் கற்பித்த அம்முதியவர். தாம் கொடாத ஒன்றைத் தமது கொடையாகக் கணக்கில் எழுதிக்கொள்ளுதல் எந்தப் பேரேட்டுக்கும் பொருந்தாது.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அமெரிக்க நாட்டில் பேஸ்போல் என்னும் ஆட்டம் பெருவழக்கு. அங்கே 30 பெருங்குழுக்களின் கீழ், 2021ஆம் ஆண்டின் சீரமைப்புக்குப் பின், நான்கு படிகளில் 120 சிறுகுழுக்கள் உள்ளன. சிற்றூர்களிலுள்ள இக்குழுக்களில் ஒவ்வொரு கோடையிலும் மாணவர்கள் பயிலுநராய்ச் சேர்வர். ரிக்கெற் கிழிப்பதும், மழையில் படங்கை இழுப்பதும், இடைவேளையிற் சிறுவருக்கு வேடிக்கை காட்டுவதும், குழுவின் சின்னமான விலங்கின் வேடம் பூண்டு வெயிலில் ஆடுவதும் அவர்கள் பணி. விளையாட்டுத் துறையில் தொழில் பெறலாம் என்ற நம்பிக்கையே பலருக்கும் பெருங்கூலி. அச்சிறுகுழுக்களின் வீரர்களே நீண்டகாலம் வறிய ஊதியம் பெற்றவர்கள்தாம். 2022ஆம் ஆண்டு அவர்கள் தொழிற்சங்கத்திற் சேர்ந்தனர்; 2023ஆம் ஆண்டின் முதல் உடன்படிக்கையால் மேற்படியிலுள்ளோரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டொலரிலிருந்து 35,800 டொலராக உயர்ந்தது. செல்வம் மிகுந்த நாட்டிலும், “விரும்பிச் செய்யும் வேலைக்குக் கூலி எதற்கு?” என்னும் வாதம் எத்தனை ஆண்டு நிலைத்தது பாருங்கள்! விருப்பம் என்பது உழைப்பவனின் செல்வம். அதனைக் காட்டி அவன் கூலியைக் குறைத்தல் அவன் பொருளைக்கொண்டே அவனுக்குக் கடன் தீர்ப்பது போலாகும்.

இவ்வெண்ணங்கள் என் உள்ளத்திற் கிடந்தன. அவை செயலாக வேண்டிய நாளும் வந்தது. 2019ஆம் ஆண்டில், பன்வில வட்டாரத்தில் நான் கற்பிக்கும் பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். கணக்கில் வல்லவன், கையெழுத்து முத்துக்கோத்தாற் போல்வது. எங்கள் பாடசாலை மைதானம் சரிவானது. கொங்கிறீற் தளத்தின் மீது தும்புப் பாய் விரித்தே ஆடுகின்றோம். அவன் ஆட்டத்தில் தேறவில்லை. புள்ளி ஏட்டில் தேறினான். அவன் எழுதிய ஏட்டைக் கண்ட ஒரு போட்டி அமைப்பாளர், பத்துச் சனிக்கிழமைகள் கண்டிப் பக்கம் வந்து புள்ளி பதிய அனுப்புமாறு கேட்டார். “பையனுக்கு நல்ல அனுபவம்” என்றும் சேர்த்துக்கொண்டார். பழைய சொல், பழைய குரல்.

அவன் தாயார் கொழுந்து பறிப்பவர். அவரிடம் அனுமதி கேட்கச் சென்றேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு, நான் சொன்னதெல்லாம் கேட்டார். பின்பு கேட்டார்: “நல்லதுங்க சேர். அதுக்குப் பேரு போடுவாங்களா?”

அவர் கேட்டது கூலியை. என் செவியில் விழுந்தது இரண்டும். “கேட்டுச் சொல்றேன் அம்மா” என்று கூறித் திரும்பினேன். அன்றைய தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். சனிக்கிழமைகளில் அம்மாணவன் வத்தேகமவில் ஒரு கடையிற் பொருள் கட்டி வீட்டுக்குச் சிறிது பணம் கொணர்பவன் என்பதையும் அறிவேன். ஆகவே அவன் இழப்பது இன்பமன்று, அரிசி.

அமைப்பாளருக்கு மூன்று வேண்டுகோள்களை எழுதினேன். நாளொன்றுக்கு ஒரு முழுப் பேர், அதாவது 700 ரூபாய், பஸ் கட்டணம் வேறாக. அனுபவமுள்ள பதிவாளர் ஒருவர் அருகிலமர்ந்து அவனுக்குக் கற்பித்தல். ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பதிந்தவர் பெயர் எழுதப்படுதல். விடைவர இரு வாரங்கள் சென்றன. இதற்கிடையில், கிடைத்த வாய்ப்பை ஆசிரியரே கெடுக்கின்றார் என்று சக ஆசிரியர் சிலர் வருந்தினர். அவர்கள் அச்சம் நியாயமானதே. எங்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்புகள் வரிசையில் நிற்பதில்லை. நானும் அந்த இரு வாரங்கள் உறக்கம் குறைந்தே இருந்தேன். ஆயினும் எனக்கு ஒன்று தெளிவாயிருந்தது: கூலி கேட்டால் மூடிக்கொள்ளும் கதவு, கேளாதிருந்தாலும் அவனை உள்ளே நெடுநாள் இருக்க விடாது.

விடை வந்தது. 500 ரூபாயும் பஸ் கட்டணமும் உணவும்; மற்ற இரு வேண்டுகோள்களும் முழுமையாக ஏற்கப்பட்டன. தாயாரிடம் சொன்னேன். அவர் சற்றுக் கணக்குப் பார்த்து, “அரப் பேருக்கு மேல, முழுப் பேருக்குக் கீழ” என்று சிரித்தார், அனுப்பினார். பத்து வாரங்களின் ஏட்டுப் பக்கங்களில் அவன் பெயர் அவன் கையெழுத்திலேயே உள்ளது. இன்று அவன் கண்டியில் ஒரு வணிக நிலையத்திற் கணக்கெழுதுகின்றான். ஓய்வு நாட்களிற் புள்ளி பதியச் செல்கின்றான், கூலி பேசிக்கொண்டே. பெருஞ்சாதனை என்று கூற இதில் ஒன்றுமில்லை. ஆனால், தன் உழைப்புக்கு விலையுண்டு என்பதைப் பதினேழு வயதில் அறிந்த ஒருவன் எங்கள் வட்டாரத்திற் கூடினான்.

உதவியாளராய் நின்று பயிலுதலை நான் இழித்துரைக்கின்றேன் என எவரும் கொள்ளற்க. அது நமது மரபு. நம் சைவ உலகின் ஆறுமுக நாவலர் தம் இளமையில் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாருக்கு உதவியாளராக இருந்து, விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டவர். அங்கே அவர் கண்ட பாடசாலை முறையும் அச்சின் ஆற்றலும், பின்னர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையாகவும் அச்சியந்திரமாகவும் நம்மிடம் திரும்பி வந்தன. இந்துக் கல்லூரி என்னும் பெயருடைய எந்த நிறுவனமும் அவ்வுதவியாளருக்குக் கடன்பட்டதே. உதவியாளனாய் இருத்தலில் இழிவில்லை. கற்பியாது, கொடாது, பெயரும் எழுதாது ஒருவனை உதவியாளனாய் வைத்திருத்தலிலேயே இழிவுண்டு.

பழைய மாணவராகிய உங்களிற் பலர் இன்று அலுவலகங்களையும் நிறுவனங்களையும் நடத்துகின்றீர்கள். வைத்தியசாலைகளிலும் வங்கிகளிலும் பத்திரிகைகளிலும் பொறுப்புள்ள இருக்கைகளில் அமர்ந்திருக்கின்றீர்கள். எங்கள் பாடசாலைகளிலிருந்து வெளியேறும் பிள்ளைகள் பயிலுநராக உங்கள் வாயிலுக்கு வருவார்கள். ஓர் ஆசிரியனாக உங்களிடம் நான் வேண்டுவன மூன்று. அவர்களுக்கு ஒரு முதியவரைக் காட்டுங்கள். சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க அவர் கற்பிக்கட்டும். அன்றாடம் வயிறு நிறையும் அளவுக்கேனும் கூலி கொடுங்கள். விருப்பத்தோடு வந்தான் என்பதற்காக அதனைக் குறைக்காதீர்கள். அவர்கள் செய்த பணியின் கீழ் அவர்கள் பெயரை எழுதுங்கள். இடம் ஒன்று வெறுமையாகுமா என்பது உங்களுக்கே ஐயமாயின், “பார்ப்போம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘இல்லை’ என்ற சொல்லைத் தாங்கும் வலிமை எங்கள் பிள்ளைகளுக்கு உண்டு.

மாணவர்க்கும் ஒன்று கூறி முடிப்பேன். அணியில் இடங் கிடையாவிடின் மைதானத்தை விட்டுப் போய்விடாதீர்கள். கோடிடவும், களம் அளக்கவும், கணக்கெழுதவும் கற்றுக்கொள்ளுங்கள், அவையும் ஆட்டமே. ஆனால் எழுதும் ஏட்டின் அடியில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். எழுத இடம் இல்லையெனின் கேளுங்கள்.

மலர்க் குழுவினருக்கும் ஒரு சிறு விண்ணப்பம். இம்மலரின் நடுப்பக்கத்தில் அணியின் நிழற்படம் வருமாயின், அதன் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் விடுங்கள். நம் கல்லூரி மைதானத்தைப் பேணுபவர் பெயரும், இவ்வாண்டுப் புள்ளி ஏட்டை எழுதிய மாணவன் பெயரும் அங்கே வரட்டும். கல்லூரி அன்னை நீடு வாழ்க!